தேம்ஸுக்கு அடியில்: முகப்பைத் திறந்துவிடாமல் தோண்டக் கற்ற நூறாண்டு

தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் மக்கள் போய்வரக்கூடிய சுரங்கம் தோண்ட முடியுமா என்று 1809இல் கேட்டபோது, வில்லியம் ஜெஸப் போன்ற தேர்ந்த பொறியாளர்களே அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய ஆண்டின் தொடக்கத்தில்தான் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் முயற்சி ஆற்றோடு போயிருந்தது. உயர் அழுத்த நீராவி இயந்திரத்தால் பெயர் பெற்றவர் அவர். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு, முழுச் சுரங்கத்துக்கு முன்னோட்டமாக ஒரு சிறு வழியைக் குடைந்தார். 5 அடி உயரம், தரையில் 3 அடி அகலம், மேலே அதற்கும் குறைவு. ஆள் குனிந்துதான் போக முடியும். 1,000 அடிக்கு மேல் குடைந்து மறுகரையை நெருங்கிய நேரத்தில், 1808 ஜனவரியில், ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

பாலம் கட்டியிருக்கலாமே என்று தோன்றலாம். லண்டன் பாலத்துக்குக் கிழக்கே ஆறு முழுவதும் துறைமுகம். உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் அங்கே இரவும் பகலும் வந்துபோயின. அவற்றை மறிக்காமல் கட்ட வேண்டுமென்றால் பாலம் வானளவு உயர வேண்டும். ஆகவே தென்கரைச் சரக்கு வண்டிகள் வடகரைக்குப் போக நெடுந்தூரம் சுற்றின. அடியில் வழி கிடைத்தால் பெரிய வருமானம் வரும் என்ற நம்பிக்கையில்தான் முதலீட்டாளர்கள் திரும்பத் திரும்பப் பணம் போட்டார்கள்.

டிரெவிதிக்கின் ஆட்கள் சோம்பேறிகளும் இல்லை, அறியாதவர்களும் இல்லை. அவர்கள் கற்றது பாறைச் சுரங்கத் தொழில். பாறையைக் குடைந்தால் முகப்பு, அதாவது வெட்டிக்கொண்டிருக்கும் முன்சுவர், தானாக நிற்கும். மரச்சட்டம் பின்னால் நிதானமாக வரலாம். ஆற்றடி மண் அப்படியல்ல. லண்டனில் தேம்ஸின் கீழே களிமண், வண்டல், சரளை, நீர் நிறைந்த புதைமணல் எல்லாம் அடுக்கடுக்காக, சீரில்லாமல் கிடக்கின்றன. களிமண்ணைத் தோண்டினால் சிறிது நேரம் நிற்கும். மணல் நிற்கவே நிற்காது. ஒரு கையகல ஓட்டை போதும், நீரோடு சேர்ந்து மணல் ஓடிவரும். மணல் ஓடினால் மேலே பள்ளம் விழும். பள்ளம் ஆற்றின் தரையை எட்டினால் கதை முடிந்தது. தேம்ஸ் ஓதம் ஏறி இறங்கும் ஆறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லண்டனில் ஒரே நாளில் இருமுறை நீர்மட்டம் 20 அடியளவு உயர்ந்து தாழும். தாழ்நீரில் அமைதியாக இருந்த முகப்பு உயர்நீரில் பொத்துக்கொள்ளும்.

அடுத்த நூறு ஆண்டுகளில் ஆற்றடிச் சுரங்கத் தொழில் கண்ட முன்னேற்றம் எல்லாமே ஒரு கேள்விக்கான விடைதான்: மண்ணை எவ்வளவு குறைந்த பரப்பில், எவ்வளவு குறைந்த நேரம் திறந்து வைக்க முடியும்?

மார்க் இசம்பார்ட் புருனேல் இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்தார். பிரான்சில் பிறந்து, இங்கிலாந்துக் கடற்படைக்குக் கப்பிகள் செய்யும் இயந்திரங்களை வடிவமைத்தவர். கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தார். அதன் தலையில் இரண்டு ஓடுகள் உண்டு. அவற்றால் மரத்தை அராவிக்கொண்டே முன்னேறும், பின்னால் சுண்ணாம்புப் பூச்சால் துளையின் சுவரை மூடிக்கொண்டே போகும். வெட்டும் உறுப்பே காப்பும் ஆகிறது, நிரந்தரச் சுவர் உடனே பின்தொடர்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து 1818இல் காப்புரிமை பெற்றார். முகப்பையும் அதை வெட்டும் ஆட்களையும் காத்துக்கொண்டே முன்னே நகரும் இரும்புக் கூடுதான் கவசம். அந்தக் காப்புரிமையில் வட்டக் கவசமும் வார்ப்பிரும்புச் சுவரும்கூட இருந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அந்த வடிவத்துக்கே திரும்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டிகள் இரு திசையிலும் போக அகலம் வேண்டும் என்பதால், தேம்ஸ் சுரங்கத்தில் மட்டும் அவர் செவ்வக வடிவத்தைத் தேர்ந்தார்.

1825இல் தென்கரையில் ராதர்ஹித் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. முதலில் இறங்குகிணறு. நம் ஆற்றங்கரைகளில் உறை இறக்கிக் கிணறு தோண்டுவார்களே, அதே முறைதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். தரைமேல் ஓர் இரும்பு வளையத்தை வைத்து, அதன்மேல் 50 அடி விட்டம், 42 அடி உயரம், 3 அடி கனம் கொண்ட செங்கல் கோபுரத்தை எழுப்பினார்கள். அடிவளையத்தையும் உச்சி வளையத்தையும் இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். உள்ளே மண்ணை அள்ள அள்ளக் கோபுரம் தன் எடையால் ஒவ்வொரு நாளும் சில அங்குலம் இறங்கியது. இதில் கெடுவது எங்கே என்றால், வெளிச்சுவரை மண் கவ்விப் பிடிக்கும். எடை போதாமல் கோபுரம் பாதியில் நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் சாய்ந்துவிடும். ராதர்ஹித் கிணற்றின் கடைசிப் பகுதியை அதனால்தான் கீழிருந்து சுவர் கட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் வடகரையில் வாப்பிங் கிணற்றை இறக்கும்போது, கீழே அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் கட்டி உராய்வைக் குறைத்தார்கள்.

அந்தக் கிணற்றின் அடியிலிருந்துதான் கவசம் கிளம்பியது. லாம்பத்தில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வார்க்கப்பட்ட 12 இரும்புச் சட்டகங்கள், அலமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 அடி அகலம், 22 அடி உயரம், மேலும் கீழுமாக மூன்று அறைகள். ஆக 36 அறைகள், அறைக்கு ஒரு தொழிலாளி. வெட்ட வேண்டிய முகப்பு 38 அடி அகலமும் இருபத்திரண்டரை அடி உயரமும் உடையது. ஏறத்தாழ 850 சதுர அடி மண், தலைக்கு மேல் ஆறு.

இந்த முகப்பு முழுவதையும் 500க்கும் மேற்பட்ட முட்டுப் பலகைகள் மூடியிருந்தன. பலகை ஒன்று 3 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். ஒவ்வொன்றையும் இரண்டு திருகு ஜாக்கிகள் மண்ணோடு அழுத்திப் பிடித்தன. 50 அடி நீரின் அழுத்தம் முழுதாக விழுந்தால் ஒரு பலகை ஏறக்குறைய 2 டன் சுமையைத் தாங்க வேண்டும். இதை மனதில் வைத்தால் அந்தத் திருகுகளின் அருமை புரியும்.

வேலை நடந்த வரிசை இது. தொழிலாளி தன் அறையின் உச்சியில் உள்ள ஒரே ஒரு பலகையின் திருகைத் தளர்த்துவார். பலகையை எடுத்து, பின்னால் உள்ள மண்ணை நாலரை அங்குலம் மட்டும் வெட்டுவார். பலகையை அந்தப் புதிய இடத்தில் வைத்துத் திருகை இறுக்குவார். பிறகுதான் அடுத்த பலகை. அறையின் எல்லாப் பலகைகளும் முன்னே போனதும் சட்டகம் நகர வேண்டும். ஆனால் பலகைகளைத் தாங்கும் திருகுகள் அதே சட்டகத்தில் ஊன்றியிருந்தால் நகர்த்துவது எப்படி? அதற்குத்தான் திருகுகளின் பின்முனையை இரு பக்கத்துச் சட்டகங்களில் ஊன்றும்படி அமைத்தார் புருனேல். ஒற்றைப்படைச் சட்டகங்கள் நகரும்போது அவற்றின் பலகைகளை இரட்டைப்படைச் சட்டகங்கள் தாங்கும். பிறகு முறை மாறும். சட்டகத்தை முன்னே தள்ளுவதற்கு, பின்னால் கட்டி முடித்த செங்கல் சுவரில் முட்டுக் கொடுத்த பெரிய திருகுகள் இருந்தன. சட்டகத்தின் தலையில் பொருத்திய இரும்புத் தகடுகள் பின்னோக்கி நீண்டு, செங்கல் வேலை எட்டும்வரை கூரையைத் தாங்கின. நகர்ந்த இடைவெளியில் கொத்தனார்கள் உடனே ரோமன் சிமெண்டில் செங்கல் அடுக்கினார்கள். அந்தச் சிமெண்ட் விரைவாக இறுகும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். நாலரை அங்குலம் என்பது செங்கலின் அகலம். மண் வெட்டும் அளவையும் சுவர் வளரும் அளவையும் ஒன்றாக்கியது எவ்வளவு நுட்பமான முடிவு என்பது கட்டட வேலை தெரிந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஆறு ஐந்து முறை உள்ளே வந்தது. ஏன்?

முதல் காரணம், ஆழம். சுரங்கப் பாதையில் தொடர்ச்சியான நல்ல களிமண் அடுக்கு இருப்பதாக மண் ஆய்வு சொன்னது. அதற்குக் கீழே புதைமணல், ஆகவே ஆழமாகப் போகாதே என்பது அறிவுரை. புருனேல் சுரங்கத்தை மேலாகவே கொண்டுபோனார். ஓரிடத்தில் சுரங்கத்தின் உச்சிக்கும் ஆற்றின் தரைக்கும் நடுவே 14 அடியளவு மண்தான். அந்தக் களிமண்ணோ தொடர்ச்சியாக இல்லை. கவசத்தின் மேல் பாதி வண்டலிலும் சரளையிலும் ஊர்ந்தது. சரளை எடுக்க ஆற்றின் தரையைத் தோண்டியவர்கள் விட்டுப்போன பள்ளங்களும் இருந்தன. 1827 வசந்தத்தில் மூழ்குமணி எனப்படும் இரும்புக் கூட்டில் இறங்கி ஆற்றின் தரையைச் சோதித்தபோது, ஒரு மண்வெட்டியையும் சுத்தியலையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து அவை முகப்பில் சரிந்த மண்ணோடு சுரங்கத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இருக்க முடியாது.

இரண்டாவது காரணம், பணம். வேகம் போதவில்லை என்று கம்பெனி இயக்குநர்கள் நெருக்கினார்கள். தோண்டிய அளவுக்குக் கூலி என்ற முறை வந்தது. நாலரை அங்குல நகர்வு ஒன்பது அங்குலமாயிற்று. ஒரு பலகையை எடுத்து மூடுவதற்குள் திறந்திருக்கும் நேரம் அதனால் கூடியது. ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பலகையை எடுக்கத் தொழிலாளிக்கு ஆசை காட்டும் கூலிமுறை, இந்தக் கவசத்தின் அடிப்படையையே அறுக்கும். வேலை நடக்கும் சுரங்கத்தைக் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டினார்கள் என்பதும் அந்த நிர்வாகத்தின் மனப்போக்கைச் சொல்லும்.

மூன்றாவது, இரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மேலிருந்து எடை கோணலாக விழுந்தபோது சட்டகங்களின் கால்களும் திருகுகளும் ஒடிந்தன. ஒன்று சாய்ந்தால் பக்கத்துச் சட்டகத்தோடு சிக்கிக்கொண்டது.

1827 மே 18 அன்று, 549 அடி முடிந்திருந்த நிலையில், முதல் வெள்ளம். அடைத்த முறை எளிமையானது, திறமையானது: களிமண் நிறைத்த சாக்குகளில் ஹேசல் மரக் குச்சிகளைக் குத்தி ஆற்றின் பள்ளத்தில் கொட்டினார்கள். வெறும் சாக்கு நீரோட்டத்தில் உருளும். குச்சி நீட்டிய சாக்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மேலே சரளை போட்டு, பிறகு நீரை இறைத்தார்கள். 1828 ஜனவரி 12 அன்று இரண்டாவது வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மார்க்கின் மகனும் வேலையை நேரில் நடத்தியவருமான இசம்பார்ட் கிங்டம் புருனேல் மயிரிழையில் தப்பினார். கையில் பணம் தீர்ந்தது. கவசத்தை அப்படியே விட்டு முகப்பைச் சுவர் எழுப்பி மூடினார்கள். ஏழு ஆண்டுகள் வேலை இல்லை.

அரசுக் கடன் கிடைத்து 1835இல் மீண்டும் தொடங்கியபோது புருனேல் செய்த முதல் காரியம் கவசத்தை மாற்றியது. பழையது 80 டன், புதியது 140 டன். ஒரு சட்டகம் தளர்ந்தால் பக்கத்துச் சட்டகம் அதைத் தூக்கிப் பிடிக்கும் இணைப்புகள் புதியதில் இருந்தன. ஆற்றின் முகப்பில் நின்றுகொண்டே ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டியது, என் கணிப்பில் இந்தத் திட்டத்தின் மிகத் துணிச்சலான வேலை. 1837இலும் 1838இலும் இன்னும் மூன்று முறை நீர் புகுந்தது. லண்டனின் சாக்கடை முழுவதும் கலந்த ஆற்றுச் சேற்றிலிருந்து கசிந்த நச்சு வாயு தொழிலாளர்களை வெள்ளத்தைவிட அதிகம் வாட்டியது. கண் எரிச்சல், தற்காலிகப் பார்வையிழப்பு, மயக்கம். விளக்குச் சுடரில் வாயு பற்றிக்கொண்டு எரிவதும் நடந்தது. வாரத்துக்கு 8 முதல் 12 அடி போவதே நல்ல வேகம். 1843 மார்ச் 25 அன்று 1,300 அடி நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. வண்டிகள் இறங்கச் சாய்தளம் கட்டப் பணம் இல்லாததால் நடந்துபோவோருக்கு மட்டும். 1869இல் அதில் ரயில் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது.

அதே 1869இல், சற்று மேற்கே, லண்டன் கோபுரத்துக்கு அருகே டவர் சப்வே வேலை தொடங்கியது. பீட்டர் பார்லோ திட்டமிட்டார், ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் என்ற இளம் பொறியாளர் செய்து காட்டினார். 1,340 அடி நீளம், ஓர் ஆண்டுக்குள் தோண்டி முடித்தார்கள், வெள்ளம் இல்லை. நாளொன்றுக்கு 9 அடி வரை போனார்கள். புருனேலின் ஆட்கள் ஒரு வாரத்தில் செய்தது அது.

இந்த வேறுபாட்டுக்குக் கவசத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. விட்டம் ஏறத்தாழ 7 அடிதான் என்பதால் முகப்பின் பரப்பு புருனேலுடையதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பார்லோ பாதையை ஆழமாக, உறுதியான லண்டன் களிமண்ணுக்குள்ளேயே வைத்தார். அந்தக் களிமண் நீர் விடாது, வெட்டினால் நிற்கும். இந்த இரண்டும் அமைந்த பிறகு கவசம் ஓர் எளிய உருளையாகிவிட்டது. முன்விளிம்பு வெட்டும், ஜாக்கிகள் பின்னால் உள்ள சுவரில் முட்டித் தள்ளும், உருளையின் வால்பகுதிக்குள்ளேயே அடுத்த சுவர் வளையம் பூட்டப்படும்.

சுவரிலும் பெரிய மாற்றம். செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்பு வளையங்கள். ஒவ்வொரு வளையமும் சில துண்டுகள். துண்டுகளின் உள்விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கினால் அந்த நொடியே சுமை தாங்கும். செங்கல் சாந்து இறுகக் காத்திருக்க வேண்டாம், ஜாக்கி முட்டுவதால் பச்சைச் சுவர் விரிசல் விடும் என்ற பயமும் இல்லை. வட்ட வடிவம் என்பதால் மண்ணின் அழுத்தம் பெரும்பாலும் வளையத்தை நெருக்கும் விசையாகவே வரும். அது வார்ப்பிரும்புக்குப் பிடித்த சுமை. ஒரே குறை, கவசத்தின் வால் விலகியதும் வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் அங்குல அளவில் வெற்றிடம் மிஞ்சும். அதை நிரப்பாவிட்டால் மேலுள்ள மண் அமர்ந்து தரை இறங்கும், நீர் சுவரை ஒட்டி ஓடும். டவர் சப்வேயில் வளையத்தின் துளை வழியாகச் சுண்ணாம்புக் கரைசலைக் கைப்பம்பால் செலுத்தினார்கள். பிறகு 1890இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில் சுரங்கங்களுக்காக, அழுத்தக் காற்றால் கலவையைத் தள்ளும் கலத்தை கிரேட்ஹெட் செய்தார். இன்று கிரௌட்டிங் என்று எல்லாச் சுரங்கத் தளங்களிலும் செய்வது இதைத்தான்.

களிமண் எல்லா ஆற்றுக்கும் அடியில் கிடைக்காது. மணலும் வண்டலும்தான் என்றால் நீரைத் தடுக்க அழுத்தக் காற்று வேண்டும். தாமஸ் காக்ரேன் 1830இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். சுரங்கத்தின் பின்பகுதியில் காற்றுப்புகாத சுவர் கட்டி, இரண்டு கதவு கொண்ட காற்றுப்பூட்டு அறை வைத்து, உள்ளே காற்றை அழுத்தினால் முகப்பில் நீர் பின்வாங்கும். 10 மீட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு.

கணக்கு எளிது, ஆனால் காகிதத்தில் மட்டும். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும், காற்றின் அழுத்தம் முகப்பு முழுவதும் ஒன்றுதான். 8 மீட்டர் விட்டச் சுரங்கத்தின் உச்சிக்கும் அடிக்கும் நீரழுத்த வேறுபாடு 0.8 வளிமண்டலம். அடிப்பகுதி உலரும்படி காற்றை ஏற்றினால் உச்சியில் காற்று மிகையாகி, மண்ணைத் துளைத்து ஆற்றில் குமிழியாக வெளியேறும். அந்தத் துளை பெரிதானால் காற்று ஒரே மூச்சில் போய்விடும், அடுத்த கணம் ஆறு உள்ளே. காற்றைக் குறைத்தால் அடியில் மணல் ஊறிப் பொங்கும். நடுவே ஒரு மட்டத்தைத் தேர்ந்து, அடியில் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டு, உச்சியில் களிமண் பூசிச் சமாளிப்பதுதான் வழக்கம். மேலே மண் மெலிதாக இருந்தால் படகுகளிலிருந்து ஆற்றின் தரையில் களிமண் கொட்டிக் கனத்த போர்வை அமைப்பார்கள். 1897இல் திறந்த பிளாக்வால் சுரங்கம் 27 அடி விட்டம் கொண்டது. கவசம், வார்ப்பிரும்பு வளையம், அழுத்தக் காற்று, களிமண் போர்வை நான்கும் அங்கே ஒன்றாக வேலை செய்தன.

காற்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஹட்சன் ஆறு காட்டியது. நியூயார்க்குக்கும் ஜெர்சி நகரத்துக்கும் இடையே 1874இல் தொடங்கிய டிவிட் கிளிண்டன் ஹாஸ்கின், கவசம் தேவையில்லை, காற்றே வண்டலைத் தாங்கும் என்று எண்ணினார். மெல்லிய இரும்புத் தகடும் அதற்குள் செங்கல்லும் வைத்துப் போனார். 1880 ஜூலை 21 அன்று காற்றுப்பூட்டுக்கு அருகே கூரை பொத்து, 20 பேர் இறந்தார்கள். 1889இல் பிரிட்டிஷ் ஒப்பந்ததாரர்கள் கவசத்தோடு வந்த பிறகே வேலை ஒழுங்காக நகர்ந்தது. பணத்தட்டுப்பாட்டால் மறுபடி நின்று, 1908இல்தான் ரயில் ஓடியது. இடையில் செயின்ட் கிளேர் ஆற்றுக்கு அடியில், கனடாவையும் அமெரிக்காவையும் இணைத்து, ஜோசப் ஹாப்சன் 6,000 அடிக்கு மேற்பட்ட ரயில் சுரங்கத்தை 1891இல் முடித்துவிட்டார். இரு கரையிலிருந்தும் இரண்டு பெரிய வட்டக் கவசங்கள், திருகுக்குப் பதில் கவசத்துக்கு 24 ஹைட்ராலிக் ஜாக்கிகள்.

காற்றுக்கு மனிதர்கள் கொடுத்த விலை தனி. அழுத்தத்தில் வேலை செய்பவரின் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைகிறது. விரைவாக வெளியே வந்தால் அது குமிழியாகி மூட்டுவலி, பக்கவாதம், சாவு. உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, வெளியே வரும்போதுதான் தாக்கும். பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் 1878இல் காரணத்தை விளக்கியிருந்தும் தளங்களில் அது நடைமுறையாகவில்லை. ஷிப்ட் முடிந்த ஆட்கள் காற்றுப்பூட்டில் காத்திருக்க விரும்பவில்லை, முதலாளிகளும் வற்புறுத்தவில்லை. பொறியாளர் எர்னஸ்ட் மோயர் ஹட்சன் தளத்தின் பொறுப்பை ஏற்றபோது, ஆண்டுக்கு நான்கில் ஒருவர் என்ற வீதத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஓர் இரும்பு உருளை அறை வைத்தார். வலியோடு வந்தவரை அதில் படுக்கவைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, மிக மெதுவாக இறக்கினார். அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இறந்தவர்கள் இருவர். இவ்வளவு மலிவான ஓர் இரும்பு அறையை முன்பே வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது. படிப்படியாக அழுத்தம் குறைக்கும் அட்டவணையை உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1908இல் வெளியிட்டார்.

இன்றைய இயந்திரங்கள் அழுத்தத்தை முகப்பில் உள்ள சிறு அறைக்குள் மட்டும் அடைத்துவிட்டன. வெட்டிய மண்ணையோ பென்டோனைட் என்ற களிமண்ணின் குழம்பையோ அந்த அறையில் அழுத்தி வைத்து முகப்பைத் தாங்குவதால், பின்னால் உள்ளவர்கள் சாதாரணக் காற்றில் வேலை செய்கிறார்கள். குழம்புக்கும் மண்ணுக்கும் எடை உண்டு என்பதால் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது, உச்சிக்கும் அடிக்குமான பழைய வேறுபாட்டுச் சிக்கலும் பெருமளவு தீர்ந்தது. கொல்கத்தாவில் ஹூக்ளியின் அடியிலும், சென்னையில் கூவத்தின் அடியிலும் மெட்ரோ சுரங்கங்கள் இப்படி அமைந்தவையே. ஆனால் வெட்டுப் பற்கள் தேய்ந்தால் யாராவது அந்த முன் அறைக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். நீர் உள்ள மண் என்றால் அறையிலிருந்து குழம்பை இறக்கி, அழுத்தக் காற்றை ஏற்றி, காற்றுப்பூட்டு வழியாக ஆட்களை அனுப்புகிறார்கள். வெளியே வரும்போது அட்டவணைப்படி நிமிடக் கணக்குப் பார்த்து அழுத்தம் இறக்குகிறார்கள், மருத்துவ அறை பக்கத்திலேயே தயாராக இருக்கிறது.